காவித் துணிக்கு என் சம்மதம்

மகனே,

உன்னை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் உன் அப்பாவும் வைத்த பெயரை விட்டுவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். புதுப் பெயரை அங்கே இருக்கிற பிக்குகள் இன்னும் வைக்கவில்லை. அதனால் இப்போதைக்கு மகனே என்றே கூப்பிடுகிறேன். 'இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல்' என்று எழுதுவதுதான் முறை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்படி எழுதச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான். ஆனால் இன்றைக்கு அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கு யாரும் நலமாக இல்லை. உன் நலத்தை அறிய எனக்கு ஆவலும் இல்லை. நன்றாகத்தான் இருப்பாய். நான்கு பக்கத்துக்கு நுணுக்கி நுணுக்கி எழுதத் தெம்பு இருக்கிறதே, வேறென்ன வேண்டும்.

நீ எழுதியதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று நீயே பார். காசிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்த விகாரையில் ஒரு வருஷமாக வெள்ளை வேட்டியோடு முற்றம் கூட்டிக்கொண்டிருக்கிறாய். துறவு கொடுங்கள் என்று பெரிய பிக்குவிடம் கேட்டால், 'உன் தாய் தகப்பன் சம்மதித்தார்களா?' என்று கேட்கிறார். தகப்பன் காலமாகிவிட்டார், தாய் இருக்கிறாள் என்கிறாய். தாயின் சம்மதம் இல்லாமல் சீவரம் என்கிற அந்தக் காவித் துணியைத் தர முடியாது, இது புத்தர் வைத்த விதி என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே, 'தாங்கள் மனமுவந்து சம்மதித்து, கைப்பட எழுதி அனுப்ப வேண்டும்' என்று என்னைக் கேட்கிறாய். படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். வீட்டை விட்டுப் போக உனக்கு ஒருவருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. கட்டினவளைக் கேட்கவில்லை, பெற்றவளைக் கேட்கவில்லை. துணியை மாற்றிக் கட்டுவதற்கு மட்டும் அம்மா வேண்டியிருக்கிறதா? சிரித்து முடித்த பிறகு வந்த கோபம் இந்த நிமிஷம் வரைக்கும் இறங்கவில்லை.

உன் நான்கு பக்கத்திலும் பற்று, பற்று என்று திரும்பின பக்கமெல்லாம் இருக்கிறது. கட்டின சரசுவின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. பெற்ற மல்லிகாவின் பெயரும் இல்லை. இரண்டு பேரையும் சேர்த்து 'குடும்ப பந்தங்கள்' என்று மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்துவிட்டாய். காரியம் ஆக வேண்டிய அம்மா மட்டும் 'தாங்கள்' ஆகிவிட்டாள். உன் மகள் இப்போது நன்றாகப் பேசுகிறாள். வேட்டி கட்டிய யாராவது வாசலில் நின்றால், கடைக்காரரா தபால்காரரா என்று பார்க்காமல் 'அப்பாங்களா?' என்று கேட்கிறாள். இதைப் படித்து உனக்குக் கண் கலங்கினால், அதற்கு என்ன பெயர் வைத்துக் கண்ணை மூடி உட்காருவாய் என்றும் எனக்குத் தெரியும்.

அப்புறம் எனக்குக் கதை வேறு சொல்கிறாய். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி புத்தரிடம் போய் அழுதாளாம். சாவே நடக்காத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்றாராம். அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டுத் தெளிந்தாளாம். அதைப்போல நானும் பொறுமையோடு தெளிய வேண்டுமாம். அடேய், அந்தக் கதையை என் வகுப்பில் நான் எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன்! அது செத்துப்போன பிள்ளைக்காக அழுகிறவளுக்குச் சொன்ன கதை. உன் அப்பா போனபோது எனக்கு ஒருவரும் அதைச் சொல்லத் தேவைப்படவில்லை. சாவு எந்த வீட்டையும் விடாது என்று தெரிந்து நானே எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, பதினாறாம் நாள் கழிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீ உயிரோடு இருக்கிறாய். கல்லுக்குண்டாக உட்கார்ந்து அம்மாவுக்கு உபதேசம் எழுதுகிறாய். உயிரோடு இருக்கிற பிள்ளை பிணம் மாதிரிப் பதில் பேசாமல் போனதற்கு நான் எந்த வீட்டில் போய் எதைக் கேட்பது?

புத்தர் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அதை முதலில் தெரிந்துகொள். புத்தருக்குச் சர்க்கார் ஊரெங்கும் விழா எடுத்த வருஷம் நீ உயர்நிலைப் பள்ளியில் இருந்தாய். அவரைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கி வந்தபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பிறகு நீ செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில் கணக்கெழுதப் போனாய். அங்கே யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாள் வந்து, ஆத்தூர்ச் சாலையில் வயலோரத்தில் நாம் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிற முனியப்பன் முனியப்பனே இல்லை, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற புத்தர் என்றாய். கையை மடிமேல் வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அந்தச் சிலைக்கு நாம் மீசை வரைந்து, மஞ்சள் பூசி, அரிவாள் நட்டு வைத்து, சேவல் அறுத்துக்கொண்டிருந்தோம். நீ சொன்ன பிறகு போய்ப் பார்த்தேன். மீசையை மறைத்துவிட்டுப் பார்த்தால் அந்த முகத்தில் கோபமே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

மல்லிகாவுக்கு மொட்டை போட அங்கே போன நாள் உனக்கு மறந்திருக்காது. பெரிய மாமா வேண்டுதல் சேவலைக் கொண்டு வந்திருந்தார். நீ போய் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய். "மாமா, இவரு புத்தருங்க. இவரு முன்னால உசுர எடுக்கக் கூடாதுங்க" என்றாய். மாமாவுக்குக் கண் சிவந்துவிட்டது. "டேய், உன்ற பாட்டன் முப்பாட்டனெல்லாம் அறுத்த எடம்டா இது. அப்பெல்லாம் இவரு வேண்டாம்னு சொன்னாராடா?" என்று கத்தினார். பூசாரியோ, "யாரா இருந்தா என்னங்க, நல்லது பண்ற சாமி. சட்டுனு முடிங்க, வெயிலேறுது" என்று அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தனை சனத்துக்கு நடுவில் நான் உன் பக்கம் நின்றேன். "அண்ணா, எம் பையன் சொல்றதுதான் சரி, கோழிய உட்டுருங்க" என்றேன். கூடப் பிறந்தவர் என்னோடு பேச்சை விட்டார். அதற்காக நான் வருந்தவே இல்லை. ஒரு கோழியின் கழுத்துக்காக ஊரை எதிர்த்து நிற்கிற பிள்ளையைப் பெற்றிருக்கிறோம் என்று எனக்கு அவ்வளவு கர்வம்.

அந்தச் சிலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபத்தில்தான் சொல்கிறேன். பொறுமை பொறுமை என்று எழுதுகிறாயே, பொறுமை என்றால் அவர் அங்கே உட்கார்ந்திருந்தது. வேண்டாத மீசையை வரைந்தோம், வேண்டாத இரத்தத்தைக் காலடியில் ஊற்றினோம், வேண்டாத பெயரைச் சொல்லி அழைத்தோம். அவர் எழுந்து காசிக்குப் போய்விடவில்லை. மழையிலும் வெயிலிலும் அந்த வயலோரத்திலேயே, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வருகிறவளுக்கும் மாடு காணவில்லை என்று வருகிறவனுக்கும் முகம் கோணாமல் உட்கார்ந்திருந்தார். உனக்கோ, குழந்தை அழுகிற சத்தமும் அம்மி அரைக்கிற சத்தமும் இருக்கிற வீட்டில் உட்கார முடியவில்லை.

முடியவில்லை என்று நான் சும்மா சொல்லவில்லை. நடுக்கூடத்தில் பாய் போட்டு மூச்சைக் கவனிக்கிறேன் என்று உட்கார ஆரம்பித்தாய். குழந்தை மேலே ஏறினால் முகத்தைச் சுளித்தாய். ஒரு நாள் சரசு குழந்தையைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குப் போகும்போது, "பாலக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீயும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தாய். பால் ஏறிற்று, பொங்கிற்று, வழிந்து அடுப்பை அணைத்து அடுப்படி வரைக்கும் ஓடிற்று. நீ அசையவில்லை. தீய்ந்த வாசனைக்கு நான் ஓடி வந்து என்னடா இது என்றால், "பதறாம இருக்க முடியுதான்னு பாத்தேன்ம்மா" என்றாய். சரசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாவம், அப்போதெல்லாம் அவளுக்கு உன்னைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு மல்லிகாவுக்குப் பால் இல்லை. பதறாமல் இருந்தது நீ, பக்கத்து வீட்டில் போய்ச் சொம்பை நீட்டியது சரசு. உன் தவத்துக்குக் கூலி கொடுத்தவர்கள் யார் என்று உன் பெரிய பிக்கு கேட்டால் இதையும் சொல்.

போன மாசியில் மண்டிக்கு வேலைக்குப் போன நீ திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மண்டியில் கேட்டால் நீ அங்கே போகவே இல்லை என்றார்கள். அப்போது நடந்ததை உனக்கு ஒருவரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன், கண்ணை மூடாமல் படி. என்னோடு பேசாமல் இருந்த பெரிய மாமாதான் முதலில் ஓடி வந்தார். மனசு சரியில்லாமல் இருந்தவன், எங்காவது விழுந்திருப்பானோ என்று ஒருவர் வாயெடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு நம் ஊர்க் கிணறுகளில் குடமும் வாளியும் விழுந்தால் எடுக்கிற பாதாளக்கரண்டியை உனக்காகப் போட்டார்கள். ஊர்ப் பொதுக்கிணறு, தோட்டத்துக் கிணறு, சாலையோரத்துப் பாழுங்கிணறு என்று ஒன்றையும் விடவில்லை. மாமா கயிற்றை இறக்கி, துழாவி, மெதுவாக இழுப்பார். கனமாக ஏதாவது மாட்டினால் சுற்றி நிற்கிற எல்லாரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். ஒரு தடவை யாரோ தொலைத்த பித்தளைத் தவலை வந்தது. ஒரு தடவை பழைய சாக்கு வந்தது. சாக்கு தண்ணீருக்கு மேலே வரும்வரைக்கும் அது சாக்கு என்று எங்களுக்குத் தெரியாது. சரசு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் நின்றாள். "அம்மிணி, கோழி உசுருக்கு அழுத பையன், பெத்தவ உசுர இப்பிடி எடுக்கறானே" என்று மாமா கயிற்றைப் பிடித்தபடியே என்னிடம் சொன்னார். கையெல்லாம் கயிறு அறுத்து இரத்தம். அந்தக் கையைப் பற்றி உன் நான்கு பக்கத்தில் எங்கே எழுதியிருக்கிறாய்?

பங்குனி பிறந்த பிறகு உன் கார்டு வந்தது. 'நலம். தேட வேண்டாம்.' அதை வாங்கிப் படித்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதேன். அழுது முடிப்பதற்குள் உன்னை வெட்டிப் போட்டால் தேவலை என்று தோன்றியது. இரண்டும் உண்மை.

அதற்குப் பிறகு சரசு பக்கத்துத் தெருவில் பாவு பிணைக்கப் போகிறாள். அவள் திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தறிக்குடும்பத்துப் பெண், உனக்கு அதுவும் மறந்திருக்கலாம். தறியில் தீர்ந்துபோன பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து விரலால் முறுக்கி முறுக்கி விட வேண்டும். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் அதையே செய்கிறாள். பக்கத்தில் மல்லிகா நூலை இழுத்து அறுப்பாள். சரசு அவள் கையை விலக்கிவிட்டு அந்த இழையை மறுபடி பிணைப்பாள். அதற்கு ஒருவரும் தியானம் என்று பெயர் வைக்கவில்லை. நானும் உயர்த்திச் சொல்ல வரவில்லை. கழுத்து வலிக்கிறது என்று வந்து படுப்பாள், எனக்கு வயிறு எரியும், அவ்வளவுதான்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "ஏனுங்க அத்தை, இதுல என்னையக் கேட்டு ஏதாச்சும் எழுதியிருக்கறாருங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்பறம் எதுக்குங்க எனக்குப் படிச்சுக் காட்டறீங்க? கேட்டது உங்களையத்தானுங்களே" என்றாள். எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "எழுத மாட்டேன் சரசு. எனக்கு உசுரு இருக்கற வரைக்கும் அவனுக்கு அந்தத் துணி கெடைக்காது. வேற வழியில்லாம ஊட்டுக்கு வந்து சேரட்டும்" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், கடிதத்தைப் படித்துச் சிரித்தபோதே அந்த எண்ணம் எனக்கு வந்துவிட்டது. கடைசியில் உன் கயிறு என் கைக்கு வந்தது, இனி விடுவேனா என்று நினைத்தேன்.

சரசு முறத்தை இழுத்து வைத்து அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு, "வேற வழியில்லாம வர்றவர வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது அத்தை? சோறு போடறதுங்களா?" என்று கேட்டாள். "கெணத்துல கரண்டி போட்டாங்களே, கயிறு மேல வர்றப்பெல்லாம் நான் செத்துச் செத்துப் பொழச்சேனுங்க. கடைசிக் கெணறு பாத்து முடிச்சப்ப எனக்கு அழுகையே வரல. அன்னைக்கே எனக்கு அவரு முடிஞ்சு போச்சுங்க. இனி வந்தாலும் வேண்டாங்க. ஆனா என்ற மொகத்தப் பாத்துச் சொல்லீட்டுப் போகணுமுங்க. நான் என்ன கெணத்து மேட்டுல நிக்கறதுக்கா ஊட்டுக்கு வந்தேன்?" அழாமல்தான் சொன்னாள். எழுந்து போய் உலையில் அரிசி போட்டாள். உன்னை விட்டுவிட அவளுக்கு விகாரையும் வேண்டியிருக்கவில்லை, காவியும் வேண்டியிருக்கவில்லை. விட முடியாமல் உட்கார்ந்திருப்பவள் நான்தான். எனக்கு நீ வேண்டும். திட்டுவதற்காவது வேண்டும். இதைத்தான் பற்று என்று சொல்வாய். ஆமாம், பற்றுதான். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

அந்த விதி எப்படி வந்தது என்று நூலகத்தில் புத்தகம் வாங்கிப் படித்தேன். வீட்டை விட்டுப் போன புத்தர் பல வருஷம் கழித்துத் தன் ஊருக்குத் திரும்பி வந்தாராம். வந்தவர், தான் பெற்ற பிள்ளைக்கும் துறவு கொடுத்துவிட்டாராம். அப்போது அந்தக் கிழவர், புத்தருடைய அப்பா, அவர் முன்னால் வந்து நின்றாராம். நீ போனபோது பட்டதே தாங்க முடியவில்லை, இப்போது பேரனும் போய்விட்டான், இனிமேல் பெற்றவர்களைக் கேட்காமல் எவர் பிள்ளையையும் எடுத்துக்கொள்ளாதே என்று கேட்டாராம். புத்தர் மறுத்துப் பேசவில்லை. அப்பாவிடம் பற்றைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. சரி என்று அன்றைக்கே விதியாக்கிவிட்டார். அந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை. நீயும் அதைப் படித்திருப்பாய். ஒரு கிழவருடைய கண்ணீரில் வந்த விதியை, தபாலில் முடித்துக்கொள்ளலாம் என்று உனக்கு எப்படித் தோன்றியது?

அதனால் கேட்டுக்கொள். கைப்பட எழுதி அனுப்ப மாட்டேன். வீட்டில் இருக்கிறவன்தான் போகட்டுமா என்று கேட்க முடியும். நீ இங்கே வர வேண்டும். ரயிலேறிச் சேலத்தில் இறங்கி, ராசிபுரம் பஸ் பிடித்து, நல்ல பகல் வெளிச்சத்தில், தெருவே பார்க்க நடந்து வா. பெரிய மாமா அடிக்க வருவார். வாங்கிக்கொள். பொறுமை பழக அதைவிட நல்ல இடம் உனக்குக் காசியில் கிடைக்காது. மல்லிகா உன்னை அடையாளம் தெரியாமல் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அதையும் நின்று பார். நான் சோறு போடுவேன், திட்டிக்கொண்டேதான் போடுவேன். வேண்டிய நாள் இரு, வேண்டாம் என்றால் வந்த அன்றைக்கே கிளம்பு.

நீ போன அன்றைக்குக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம், "போயிட்டு வாரேனுங்கம்மா" என்றாய். வாசலில் நின்ற சரசுவிடமும், "வாரேன்" என்றாய். நம் பக்கத்தில் போறேன் என்ற சொல்லைக் கிளம்பும்போது ஒருவரும் சொல்வதில்லை. சாவு வீட்டில்கூட ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவோமே தவிர அதைச் சொல்ல மாட்டோம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் நீ வாய் தவறி "போறேம்மா" என்று ஓடினால், தெருமுனை வரைக்கும் துரத்தி வந்து, "வாரேன்னு சொல்லு சாமி" என்று சொல்ல வைத்துத்தான் விடுவேன். அன்றைக்கு நீ சொன்ன அந்த ஒரு சொல்லை நம்பித்தான் சரசு கிணறு கிணறாக நின்றாள். தெரிந்தே பொய் சொல்லிவிட்டுப் போனாய். வா, வந்து அவள் முன்னால் நில். குழந்தை பார்க்க, நான் பார்க்க, அவள் முகத்தை நேராகப் பார்த்து, "போறேன்" என்று சொல். இந்தத் தடவை நான் துரத்தி வந்து திருத்த மாட்டேன். அதுதான் என் சம்மதம்.

அம்மா